மேலே மழை... கீழே வெயில்! - கல்வராயன் மலை அருவிகளுக்குக் கிளம்பும் நண்பர்கள் கவனத்துக்கு

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணி. காலேஜ் நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் திடீரென ஒரு வீடியோ வந்து விழுகிறது. பச்சைப் பசேல் என்று மலை, பாறையிலிருந்து வெள்ளை வெளேரெனக் கொட்டும் தண்ணீர், பின்னணியில் ஒரு சினிமா பாட்டு. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி... 'நாளைக்குக் காலையில யாரெல்லாம் ரெடி?'

கோவா பிளான் எத்தனை வருஷம் ஆனாலும் அந்த குரூப்பைத் தாண்டி வெளியே வராது. ஆனால், அருவி பிளான் அப்படியில்லை. விடிவதற்குள் கார் கிளம்பிவிடும். கூட்டம் அலைமோதும் குற்றாலமும் ஒகேனக்கல்லும் வேண்டாம் என்று நினைக்கிற இளைஞர்களின் கண்ணில் சமீப வருடங்களாக அடிக்கடி படுகிற பெயர், கல்வராயன் மலை. சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாகக் கள்ளக்குறிச்சிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். அங்கிருந்து கச்சிராயபாளையம் போனால் மலையடிவாரம். விடிகாலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மலை மேல் இருக்கலாம்.

போகலாம், தாராளமாகப் போகலாம். போவதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அருவியில் நம் கண்ணுக்குத் தெரிவது தண்ணீர் விழும் இடம்தான். அது எங்கிருந்து வருகிறது என்பது கீழே நிற்பவருக்குத் தெரியாது. அந்த அருவியின் அழகும் ஆபத்தும் தீர்மானமாவது அந்தத் தெரியாத இடத்தில்தான்.

முதல் ஸ்டாப்... கோமுகி அணை

மலை ஏறும் அவசரத்தில் பலர் நிற்காமல் கடந்துபோகும் இடம் இது. கச்சிராயபாளையம் அருகே, மலை அடிவாரத்தில் இருக்கிறது கோமுகி அணை. 1960-களில் கட்டப்பட்டது. முழு நீர்மட்டம் 46 அடி. மழைக்காலத்தில் கல்வராயன் மலையில் பெய்யும் மழை கல்படை, பொட்டியம், மல்லிகைப்பாடி, பரங்கிநத்தம் என்று பல ஓடைகளாக இறங்கி இங்கேதான் வந்து சேர்கிறது. அணைக்குக் கீழே நெல்லும் கரும்பும் விளைவது இந்தத் தண்ணீரை நம்பித்தான்.

அணைக்கரையில் நின்று மலையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. ஜவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை எல்லாம் இதற்கு உறவுக்காரர்கள். சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பில், பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி உயரத்தில் விரிந்து கிடக்கிறது. அவ்வளவு பெரிய கூரை! அந்தக் கூரையில் விழும் மழை, சில இடுக்குகள் வழியாகத்தான் கீழே இறங்க முடியும். அந்த இடுக்குகளுக்குத்தான் நாம் 'அருவி' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இது புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

கரியாலூர் வரை வளைவுகள்... வளைவுகள்!

கச்சிராயபாளையத்தைத் தாண்டியதும் மலைச்சாலை. பெட்ரோல், பணம், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் கள்ளக்குறிச்சியிலோ கச்சிராயபாளையத்திலோ பார்த்துக்கொள்வது நல்லது. மேலே போகப் போக செல்போன் சிக்னல் கண்ணாமூச்சி ஆடும். எனவே, மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்துவைத்துவிடுங்கள்.

மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழிவிட வேண்டும். வளைவுக்கு முன் ஹாரன் அடிக்க வேண்டும். எந்த கியரில் ஏறினோமோ, இறங்கும்போதும் கிட்டத்தட்ட அதே கியரில்தான் இறங்க வேண்டும். நியூட்ரலில் உருளவிட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் வேலையெல்லாம் சமவெளியிலேயே வேண்டாம் என்பார்கள். மலையில் அது உயிரோடு விளையாடுவது.

வெள்ளிமலைக்குப் போகும் இந்தச் சாலையை ஒட்டியே இருக்கிறது பெரியார் நீர்வீழ்ச்சி. சிரமமில்லாமல் பார்க்கக்கூடியது என்பதால், குழந்தைகளோடு வரும் குடும்பங்களை இங்கே அதிகம் பார்க்கலாம். மழைக்காலத்திலும் அதை ஒட்டிய சில வாரங்களிலும்தான் இதற்கு உயிர். ஏப்ரல், மே மாதங்களில் 'அருவி எங்கே?' என்று தேட வேண்டியிருக்கும்.

அடுத்து கரியாலூர். படகுக் குழாம், சிறுவர் பூங்கா, சுற்றிலும் மரங்கள் என்று ஆற அமர உட்கார ஏற்ற ஊர். கல்வராயன் மலையின் கோடை விழா நடக்கிற பகுதியும் இதுதான். ஊட்டி, கொடைக்கானல் போல வரிசையாக ஹோட்டல்கள் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது இல்லாததுதான் கரியாலூரின் அழகே. இன்னும் மேலே போனால், கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடமான வெள்ளிமலை.

இதுவரை எல்லாமே சுகம். இதற்குப் பிறகுதான் குரூப்பில் யாராவது ஒருவர் போனை நீட்டுவார். 'மச்சி, இந்த ரீல்ஸ்ல வர்ற அருவிக்குப் போலாமா? காட்டுக்குள்ள கொஞ்ச தூரம் நடக்கணுமாம்!'

மேகம், கவியம் என்று இந்த மலையில் பெயர் பெற்ற அருவிகள் இன்னும் இருக்கின்றன. மேகம் அருவி, சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கக்கூடியது அல்ல. பாறையும் ஓடையும் கடந்து நடந்துதான் சேர வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில் கைப்பிடிக் கம்பி இருக்காது, எச்சரிக்கை மணி இருக்காது, காப்பாற்ற ஆளும் இருக்காது. வனத்துறையிடம் கேட்காமல் இவற்றுக்குள் கால் வைக்கக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத் தீயில் மலையேற்றக் குழுவினர் பலர் உயிரிழந்த பிறகு, காட்டுக்குள் மலையேற்றத்துக்கான விதிகளைத் தமிழ்நாடு அரசு கடுமையாக்கியது. 'யாரும் பார்க்கலை, போயிட்டு வந்துடலாம்' என்பதில் இருக்கும் பெரிய பிரச்னை அபராதம் அல்ல. நீங்கள் உள்ளே போனது யாருக்குமே தெரியாது என்பதுதான்.

முட்டலில் அந்த ஞாயிற்றுக்கிழமை

கல்வராயன் மலையின் இன்னொரு பக்கம் சேலம் மாவட்டத்தில் இறங்குகிறது. ஆத்தூர் வழியாகப் போனால் வருவது ஆனைவாரி முட்டல் அருவி. வனத்துறை பராமரிக்கும் சுற்றுலாத் தலம். விடுமுறை நாள்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் வருவார்கள்.

2021 அக்டோபர் கடைசி வாரத்தில் தமிழ்நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த ஒரு வீடியோ நினைவிருக்கிறதா? அது இங்கே எடுக்கப்பட்டதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருவியில் திடீரென்று தண்ணீர் பெருக்கெடுத்தது. கைக்குழந்தையோடு ஒரு தாய், செங்குத்தான பாறையை ஒட்டிய ஒரு சின்ன விளிம்பில் சிக்கிக்கொண்டார். கீழே சேறும் நுரையுமாக வெள்ளம் சீறிப் பாய்கிறது. சிலர் துணிந்து பாறையில் ஏறி, கயிற்றின் உதவியோடு முதலில் குழந்தையையும் பிறகு தாயையும் மேலே ஏற்றினார்கள். இருவரும் பத்திரமான பிறகு, உதவிக்குப் போன இரண்டு பேர் பிடி நழுவி வெள்ளத்துக்குள் விழுந்தார்கள். பார்த்தவர்கள் அலறினார்கள். நல்லவேளையாக இருவரும் நீந்திக் கரையேறினார்கள்.

உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றியவர்களை முதல்வர் மு.க.ஸ்டாலின் வெளிப்படையாகப் பாராட்டினார். அந்த வீடியோவை இன்று பார்த்தாலும் கண் கலங்கும். ஆனால் அதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தாய் எந்த சாகசமும் செய்யப் போனவர் அல்லர். எல்லோரும் போகிற ஓர் இடத்துக்கு, எல்லோரையும் போல வந்தவர். சற்று நேரத்துக்கு முன்புவரை நடந்து கடக்கக்கூடியதாக இருந்த இடம், சட்டென்று கடக்க முடியாத ஆறாகிவிட்டது.

வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வருமா?

வரும். ஏமாந்துபோவது இங்கேதான். அருவிக்குக் கீழே வானம் பளிச்சென்று இருக்கும். ஆனால் சில கிலோமீட்டர் தள்ளி, மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருக்கும். சமவெளியில் பெய்யும் மழை ஏரி, குளம், வயல் என்று தேங்கி மெதுவாக நகரும். மலையில் தேங்க இடமில்லை. பாறைச் சரிவில் விழுந்த தண்ணீர் ஓடைக்கு ஓடி, பல ஓடைகள் ஒன்றாகச் சேர்ந்து, மொத்தமாக அருவியின் வாய்க்கு வந்துவிடும். அது வந்து சேரும்போது உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் சில நிமிடங்கள்தான்.

2024 மே 17-ம் தேதி குற்றாலம் பழைய அருவியில் இதுதான் நடந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழையால் திடீர் வெள்ளம் வர, குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அதே ஆண்டு ஜூன் 30-ம் தேதி, மகாராஷ்டிர மாநிலம் லோனாவாலாவில் பூஷி அணை அருகே ஒரு நீர்வீழ்ச்சியில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் ஒருவரை ஒருவர் இறுகப் பிடித்தபடி வெள்ளத்தின் நடுவே நின்று, பிறகு அடித்துச் செல்லப்பட்டார்கள். அந்தக் காட்சியை நாடே பார்த்தது.

'முழங்கால் அளவு தண்ணிதானே...' என்ற நினைப்பும் ஆபத்தானது. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஆயிரம் கிலோ. ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். பாசி படிந்த பாறையில் நிற்பவரைக் கீழே தள்ள முழங்கால் அளவு தண்ணீரே போதும். நன்றாக நீச்சல் தெரிந்தவருக்கும் இது பொருந்தும். ஏனென்றால், காட்டாற்றில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஆழம் அல்ல. பாறையில் அடிபடும் தலைதான்.

தண்ணீர் தரும் தகவல்கள்

மலையில் வெள்ளம் வருவதற்கு முன் சில அடையாளங்கள் தெரியும். மலையில் வாழ்பவர்கள் இவற்றைப் பார்த்தே கரையேறிவிடுவார்கள்.

* தெளிவாக இருந்த தண்ணீர் கலங்கி, செம்மண் நிறத்துக்கு மாறினால் உடனே வெளியேறுங்கள். 'இன்னும் ஒரே ஒரு போட்டோ' கூட வேண்டாம்.

* காய்ந்த சருகு, சுள்ளி, மரக்கிளைகள் மிதந்து வந்தால், மேலே ஓடை நிறைந்து காட்டைக் கழுவிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

* அருவியின் சத்தம் மாறினால் பேச்சை நிறுத்திவிட்டுக் கவனியுங்கள். இரைச்சல் கூடுவது தண்ணீர் கூடுவதன் அடையாளம்.

* போய்ச் சேர்ந்ததும் கரையோரத்தில் ஒரு பாறையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அது தண்ணீருக்குள் மூழ்க ஆரம்பித்தால் கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது.

* மலை முகட்டில் கருமேகம் கூடினாலோ இடி கேட்டாலோ தண்ணீரில் இறங்கவே வேண்டாம். ஓடையைத் தாண்டி அக்கரைக்கும் போக வேண்டாம். போகும்போது இருந்த வழி, திரும்பும்போது இருக்காது.

இன்னொன்று... அருவிக்கு நேர் கீழே நிற்காதீர்கள். தண்ணீரோடு கல்லும் வரும். அருவி விழும் தடாகத்தில் தலைகீழாகக் குதிக்கவும் வேண்டாம். போன வருடம் ஆழமாக இருந்த இடத்தில், இந்த வருட வெள்ளம் ஒரு பாறாங்கல்லைக் கொண்டுவந்து போட்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது.

யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால்? கூடவே குதிப்பதுதான் நண்பர்கள் செய்யும் முதல் காரியம். ஒருவரைத் தேடிப்போய் இரண்டு பேரை இழப்பது இப்படித்தான். கயிறு, துப்பட்டா, லுங்கி, நீளமான கொம்பு என்று கைக்குக் கிடைத்ததைக் கரையில் படுத்தபடி நீட்டுங்கள். காலி வாட்டர் கேனை மூடித் தூக்கிப் போடுங்கள். காரில் இருபது மீட்டர் கயிறு ஒன்று இருப்பது, ப்ளூடூத் ஸ்பீக்கர் இருப்பதைவிட முக்கியம்.

'வேண்டாம்' என்று சொல்கிற அந்த ஒருவர்

ஒவ்வொரு குரூப்பிலும் ஒருவர் இருப்பார். 'இருட்டப்போகுது, கிளம்பலாம்', 'தண்ணி கலங்குதுடா, ஏறு' என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவருக்கு 'பயந்தாங்கொள்ளி' என்ற பட்டப்பெயர் நிச்சயம். தனியாகப் போனால் யாரும் ஏற மாட்டாத பாறையில், நண்பர்கள் கைதட்டும்போது ஏறிவிடுகிறோம். ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்வது நட்பின் அழகுதான். தண்ணீருக்கு முன்னால் மட்டும் அது நமக்கே எதிரியாகிவிடுகிறது. மதுவும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. கார் கிளம்பும் முன்பே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். 'ஐந்து பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் ஐந்து பேரும் திரும்பிவிடுவோம். காரணம் கேட்க மாட்டோம், கிண்டலும் செய்ய மாட்டோம்.' ஓட்டெடுப்பு எல்லாம் எந்த ஹோட்டலில் சாப்பிடுவது என்பதற்கு வைத்துக்கொள்ளலாம்.

உள்ளூர்க்காரர் சொல்லுக்கும் இதே மரியாதை தேவை. 'மேல மழை பேயுது, எறங்காதீங்க தம்பி' என்று மாடு ஓட்டிப்போகும் பெரியவர் ஒருவர் சொன்னால், அதற்கு மேல் எந்த வெதர் ஆப்பையும் பார்க்கத் தேவையில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 'போகக் கூடாது' என்று தடுத்தால் பிள்ளைகள் சொல்லாமல் போவார்கள். அதற்குப் பதில் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த அருவி? யார் வண்டி ஓட்டுகிறார்கள்? வனத்துறையிடம் கேட்டாயிற்றா? இருட்டுவதற்கு முன் மலையிறங்கியதும் போன் செய்வாயா? பதில் வந்துவிட்டால் பாதி பயம் குறையும். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108 என்பதையும் நினைவூட்டி அனுப்புங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் அந்த எண்களும் உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அருவிக்கு மேலே வாழ்பவர்கள்

அருவிக்கு மேலே இருப்பது மழை மட்டும் அல்ல. ஊர்கள் இருக்கின்றன. இங்கே வாழும் பழங்குடியினரின் பெயர் 'மலையாளி'. கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழி வந்தவர்கள் என்பது இவர்களிடம் வழிவழியாக இருந்துவரும் கதை. சாமை, மரவள்ளி, கடுக்காய், புளி, தேன் என்று மலையை நம்பிய வாழ்க்கை.

இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதே 2019 நவம்பரில்தான். 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கள்ளக்குறிச்சி விஷச் சாராயச் சம்பவத்துக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பஸ், மருத்துவம் போன்ற அடிப்படை வசதிகள் பற்றிய கேள்விகள் அதில் எழுந்தன. இங்குள்ள மக்களுக்கு வாக்குரிமையே 1996-ல்தான் கிடைத்தது என்ற தகவலும் அப்போது சுட்டிக்காட்டப்பட்டது.

இதற்கும் அருவிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. நமக்கு விபத்து என்றால், அதே சாலையில்தான் ஆம்புலன்ஸ் வர வேண்டும். மலை மக்கள் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் இறங்குகிற அதே வளைவுகள். 'ரோடு மோசம்பா' என்று ரீல்ஸ் போட்டுவிட்டு மறுநாள் நாம் ஊர் திரும்பிவிடுகிறோம். அவர்களுக்கு அது தினசரி வாழ்க்கை.

அதனால், மலை மேல் ஒரு டீ குடிப்பதையும், தேனோ புளியோ விலை பேசாமல் வாங்குவதையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். குப்பையைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவாருங்கள். சோப்பு, ஷாம்பு போட்டு அருவியில் குளிக்க வேண்டாம். நீங்கள் குளிக்கும் ஓடைத் தண்ணீர் கீழே யாருக்கோ தேவைப்படும். பீர் பாட்டிலைப் பாறையில் உடைப்பவர்களுக்கு, அந்தப் பாறையில் வெறுங்காலோடு நடக்கும் குழந்தைகளைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும். அதை உங்கள் குரூப்பே சொல்லலாம்.

திரும்பும் வழியில்...

மாலை நான்கு மணிக்கெல்லாம் மலையிறங்கத் தொடங்குங்கள். மழைக்காலத்தில் மூடுபனி எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. அடிவாரம் வந்ததும் கோமுகி அணையில் இன்னொரு முறை வண்டியை நிறுத்துங்கள். காலையில் பார்த்த அதே தண்ணீர்தான்... ஆனால் இப்போது வேறு மாதிரி தெரியும். எந்தப் பாறையில் விழுந்தது, எந்த ஊரைக் கடந்தது என்று உங்களுக்குத் தெரியும். இங்கிருந்து வயல்களுக்குப் போவது போக, மீதித் தண்ணீர் ஆறாக ஓடி, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலில் சேரும்.

அணைக்கரையில் ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் அருவி இல்லாததால் லைக்ஸ் கொஞ்சம் குறையலாம். பரவாயில்லை. காலையில் கிளம்பிய ஐந்து பேரும் அதில் இருப்பார்கள்.